பாய், பானை, கருப்பட்டி: வீட்டிலேயே செய்த 84 சீட்டு ஆட்டம்

ஆட்டம் இவ்வளவுதான். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஏழு சீட்டு வாங்கிக்கொள்கிறோம். கையில் இருப்பதில் ஒன்றை எடுத்துத் தரையில் கவிழ்த்து வைக்கிறோம். எல்லாரும் வைத்ததும் ஒரே நேரத்தில் திருப்புகிறோம். மீதி ஆறையும் இடப்பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிட்டு, வலப்பக்கத்திலிருந்து வரும் ஆறை எடுத்துப் பார்க்கிறோம். மறுபடி ஒன்று, மறுபடி தள்ளல். சீட்டு தீர்ந்ததும் முன்னால் கிடப்பதை எண்ணிப் புள்ளி போட வேண்டியதுதான். இப்படி மூன்று சுற்று. பழகிவிட்டால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

இந்த வகை ஆட்டம் நான் கண்டுபிடித்தது இல்லை. 1993-இல் வந்த மேஜிக் த கேதரிங் என்ற சீட்டு ஆட்டத்தை ஆடுகிறவர்கள் புதுப் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைப் பக்கத்து ஆளுக்குக் கொடுக்கும் முறையை நெடுநாளாக ஆடிவருகிறார்கள். 2010-இல் அன்டுவான் பௌசா வடிவமைத்த செவன் வொண்டர்ஸ் அந்த ஒரு செயலையே முழு ஆட்டமாக்கியது. அதை இன்னும் சுருக்கி, சின்னப் பிள்ளையும் ஆடுகிற மாதிரி 2013-இல் சுஷி கோ என்று கொண்டுவந்தவர் ஆஸ்திரேலியாக்காரர் பில் வாக்கர்-ஹார்டிங். 108 சீட்டு, கைக்கு அடக்கமான டப்பா. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதை ஒரு லீவு முழுக்க ஆடித் தீர்த்தார்கள்.

ஆனால் பெரியவர்கள் வட்டத்துக்குள் வரவில்லை. இரண்டு காரணம். எங்கள் பக்கத்தில் சீட்டு என்றாலே ரம்மிதான், காசு வைத்து ஆடுவதுதான். ‘வீட்டுக்குள்ள சீட்டுக்கட்டு எதுக்குல?’ என்று ஆச்சி ஒரே பேச்சில் முடித்துவிட்டார். இரண்டாவது, படத்தில் இருந்த ஜப்பான் பண்டம் எதுவும் அவர்கள் வாயில் பட்டதில்லை. எது எதோடு சேரும் என்பதை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. நம்ம ஊர்ப் பண்டமாக இருந்தால் பாதி விதி தானாகவே மண்டையில் ஏறிவிடும் என்று தோன்றியது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்குச் சொந்தபந்தம் எல்லாம் வந்து வீட்டுக் கூடமான பட்டாசலில் கூடும்போது ஆச்சியும் ஆடுகிற மாதிரி ஒன்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் இதில் இறங்கினேன்.

பண்டம் பொறுக்குவதற்குத் திருநெல்வேலிச் சீமை போதும். தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டன என்றாலும், வாய்க்கும் வீட்டுக்கும் வாங்குகிற சாமானில் அந்த எல்லை தெரியாது. அல்வா, பத்தமடைப் பாய், காருகுறிச்சிப் பானை, கோவில்பட்டிக் கடலை மிட்டாய், தூத்துக்குடி மக்ரூன், உடன்குடிக் கருப்பட்டி. இதில் ஒவ்வொன்றும் நிஜத்தில் எப்படிப் புழங்குகிறதோ அப்படியே சீட்டிலும் நடக்க வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே தீர்மானம் செய்துகொண்டேன்.

பாய்தான் சட்டென்று அமைந்தது. பத்தமடையில் கோரையை ஊறப்போட்டு, மெல்லிசாகக் கிழித்து, பட்டுத் துணிபோல மடிகிற பாய் நெய்கிறார்கள். கல்யாணத்துக்கென்று சொன்னால் பொண்ணு மாப்பிள்ளை பெயரையும் பாயிலேயே நெய்து தருவார்கள். ஆகவே பாய்ச் சீட்டு ஜோடியாக இருந்தால்தான் புள்ளி, ஒற்றைப் பாய்க்கு ஒன்றும் கிடையாது. இதை ஆச்சிக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

பானை அடுத்தது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க அடுக்க மதிப்பு கூடும்: ஒரு பானைக்கு 1, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 6, நாலுக்கு 10, ஐந்துக்கு 15. கடலை மிட்டாயில் கணக்கு வேறு. சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று துண்டுகள் வரைந்திருக்கும். சுற்று முடிவில் அதிகத் துண்டு வைத்திருப்பவருக்கு 6, அடுத்தவருக்கு 3. மக்ரூனுக்கு வம்பே இல்லை. முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த அந்தச் சின்னக் கூம்பு 1, 2, 3 என்று போட்ட புள்ளியை அப்படியே கொடுத்துவிடும்.

கருப்பட்டி தனியாக இருந்தால் பூஜ்யம். ஆனால் அதை முதலில் வைத்துவிட்டு, பிறகு சுக்கு காபிச் சீட்டை அதன் மேல் வைத்தால் 7. கருப்பட்டி இல்லாத சுக்கு காபிக்கு 2. அல்வா மட்டும் சுற்று முடிந்ததும் கலையாது. நெய்யில் ஊறின பண்டம், நாளைக்கும் கெடாது என்பதால் ஆட்டம் முடியும்வரை முன்னாலேயே கிடக்கும். கடைசியில் அதிக அல்வா வைத்திருப்பவருக்கு 6 கூடும், ஆகக் குறைவாக வைத்திருப்பவருக்கு 3 குறையும்.

இந்த எண்கள் எல்லாம் ஒரே நாளில் வந்தவை இல்லை. இந்த வேலையில் நான் ரசித்துச் செய்ததும் இந்த இடத்தைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வடிவத்தில் பானைக்கு ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி என்று வைத்திருந்தேன். ஆட்டம் ஓடியது, ஆனால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் கையில் பானை இருந்தால் எனக்கும் 2, தள்ளிவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் 2. யாரிடம் போனாலும் ஒரே விலை என்றால், தள்ளுவதற்கு என்ன அர்த்தம் இருக்கிறது? அவரவர் தன் கையில் பெரிய எண்ணைத் தேடி எடுத்துக்கொண்டே போனார்கள். 1, 3, 6, 10, 15 என்று மாற்றியதும் பட்டாசலில் சத்தம் வந்துவிட்டது. இப்போது என் முன்னால் மூன்று பானை இருந்தால் நாலாவது எனக்கு 4 புள்ளி, பானையே இல்லாத சித்தப்பாவுக்கு 1 புள்ளி. அவருக்குத் தேவையில்லாத ஒன்றை எனக்குப் போகக்கூடாது என்பதற்காகவே எடுத்துவைப்பதா, இல்லை தன் பாட்டைப் பார்ப்பதா என்று அவர் யோசிக்க வேண்டும். ‘எலே, அந்தப் பானைய விட்ருல, உனக்கு எதுக்கு?’ என்று கெஞ்சலும் வந்தது.

இதற்குப் பிறகு எந்தச் சீட்டுக்கு எண் போட்டாலும் ஒரே கேள்விதான் கேட்டேன்: இது உனக்கு ஒரு விலை, எனக்கு வேறு விலையா? ஆமாம் என்றால் ஆட்டத்தில் இருக்கட்டும். இல்லை என்றால் அதன் எண்ணை மாற்ற வேண்டும்.

பாய் ஜோடிக்கு முதலில் 6 இருந்தது. கணக்குப் பார்த்தால் ஒரு பாய்க்குச் சராசரி 3, அதாவது மிகப் பெரிய மக்ரூனுக்குச் சமம். ஒற்றையாகப் போய்விடும் என்ற பயம் கொஞ்சம்கூட இல்லாமல் பாயைக் கண்டதும் எல்லாரும் எடுத்தார்கள். 5 என்று குறைத்ததும் சரியாகிவிட்டது. முதல் பாய் எடுப்பவர் துணிந்து எடுக்கிறார், சராசரி இரண்டரைதான். ஆனால் ஒற்றைப் பாயோடு காத்திருப்பவருக்கு அடுத்த பாய் முழுசாக 5. ஒரே ஒரு புள்ளி குறைத்ததில் இவ்வளவு மாற்றம்.

கருப்பட்டியில் வரிசை முக்கியம் என்று வைத்ததும் இதே காரணத்துக்குத்தான். நான் கருப்பட்டியைத் திருப்பிப் போட்டதுமே எல்லாருக்கும் தெரிந்துவிடும், இவன் சுக்கு காபிக்குக் காத்திருக்கிறான் என்று. எனக்குச் சீட்டு தள்ளுகிற வலப்பக்கத்து மதினியின் கையில் சுக்கு காபி வந்தால் அது அவருக்கு 2, எனக்கு 7. அவர் அதை எடுத்துவிடலாம். ஆனால் அதே கையில் அவருக்கு ஜோடி சேரும் பாயும் இருந்தால்? 5-ஐ விட்டுவிட்டு 2-ஐ எடுக்க யாருக்கும் மனம் வராது. அப்படியே தள்ளிவிடுவார். மதினி முகத்தில் ஓடுகிற கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதே தனிச் சுகம்.

பஸ் என்று ஒரு சீட்டும் இருந்தது. அதை வைத்திருப்பவர் பின்னால் ஏதாவது ஒரு முறை இரண்டு சீட்டை ஒன்றாக எடுத்துக்கொண்டு, பஸ்ஸைக் கைக்கட்டோடு தள்ளிவிட வேண்டும். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆடும்போது பஸ் முன்னால் கிடப்பதையே பலர் மறந்தார்கள், நினைவு வந்தவர் ‘இரு இரு, நான் ரெண்டு எடுக்கேன்’ என்று எல்லாரையும் நிறுத்தினார். எல்லாரும் ஒரே நேரத்தில் திருப்புகிற ஆட்டத்தில் அந்த ஓட்டம் தடைப்பட்டால் போச்சு. பேசிக்கொண்டே ஆடுவதற்கான விளையாட்டில் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய சீட்டு கூடாது என்பது என் முடிவு. பஸ்ஸை எடுத்துவிட்டேன்.

அடுத்து ஆளுக்கு எத்தனை சீட்டு என்ற கேள்வி. இது பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் ஆட்டத்தின் ருசியே இதில் இருக்கிறது. நாலு பேருக்கு ஏழு சீட்டு என்றால், நான் முதலில் பார்த்த கட்டு நாலு பேரைச் சுற்றி என்னிடமே திரும்பும்போது அதில் மூன்று சீட்டு மிச்சம் இருக்கும். அதாவது முதல் கையில் இரண்டு நல்ல சீட்டு இருந்தால், ஒன்றை எடுத்துவிட்டு மற்றது தப்பிப் பிழைத்து வரும் என்று நம்பலாம். அது வந்து சேரும்போது கிடைக்கிற சந்தோஷம் பெரியது. முதலில் ஐந்து பேருக்கு ஆளுக்கு ஐந்து சீட்டு, மூன்று சுற்று என்று வைத்தேன். ஐந்து பேரைச் சுற்றுவதற்குள் கட்டு தீர்ந்துவிடுகிறது, பார்த்த சீட்டை மறுபடி பார்க்கவே முடியாது. ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது. அதனால் ஐந்து பேருக்கு எட்டுச் சீட்டு, இரண்டே சுற்று என்று மாற்றினேன். எட்டில் ஐந்து போனால் மூன்றோடு திரும்பும். மூன்று பேர் ஆடினால் ஒன்பது சீட்டு. கட்டு முதலில் ஆறோடு வரும், மறுபடி மூன்றோடு வரும். மூன்று பேருக்கு 81, நாலு பேருக்கு 84, ஐந்து பேருக்கு 80 சீட்டு வேண்டியிருக்கிறது. எல்லாம் 84-க்குள் அடங்குகின்றன.

அந்த 84-ஐப் பிரித்தது இப்படி: கடலை மிட்டாய் 20 (ஒற்றைத் துண்டு 6, இரண்டு துண்டு 9, மூன்று துண்டு 5), மக்ரூன் 16 (1 புள்ளிச் சீட்டு 4, 2 புள்ளிச் சீட்டு 8, 3 புள்ளிச் சீட்டு 4), பானை 14, பாய் 12, சுக்கு காபி 8, அல்வா 8, கருப்பட்டி 6. நாலு பேர் ஆடும்போது ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு சீட்டு இறங்கும். சராசரியாக நாலைந்து பானை, நாலு பாய் வரும். ஐந்து பானை சேர்ப்பது நடக்காத காரியம் இல்லை, ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தால்தான் நடக்கும். அந்த அளவு போதும்.

எண்களைச் சோதிக்கிற காலத்தில் அச்சுக்குப் போகவே கூடாது. ஏ4 தாளைச் சீட்டளவுக்கு வெட்டி, பால்பாயின்ட் பேனாவில் ‘பானை’, ‘பாய் 2 = 5’ என்று எழுதி, ஒரு பழைய சீட்டோடு சேர்த்து பிளாஸ்டிக் உறைக்குள் செருகிவிட்டால் ஆட்டத்துக்குத் தயார். எண் மாறினால் தாளை உருவிவிட்டு வேறு செருகலாம். உறை வாங்கும்போது அளவைப் பார்த்து வாங்க வேண்டும். சீட்டில் 57 மில்லிமீட்டர் அகலமும் உண்டு, 63 மில்லிமீட்டர் அகலமும் உண்டு. 63-க்கு 88 என்பதுதான் இந்த மாதிரி ஆட்டங்களில் அதிகம் புழங்குகிற அளவு, நானும் அதையே வைத்துக்கொண்டேன்.

எண்கள் அசையாமல் நின்ற பிறகு படம் வரைந்தோம். அத்தான் மகள் நன்றாக வரைவாள். பானையும் பாயும் மிட்டாயும் அவள் கையால் வந்தவை, நிறம் கணினியில் போட்டது. இதில் நான் பிடிவாதமாக இருந்தது இரண்டு விஷயத்தில். சீட்டை விசிறிபோல விரித்துப் பிடித்தால் இடது மேல் மூலை மட்டும்தான் தெரியும். அந்த மூலையில் பண்டத்தின் சின்னப் படமும் எண்ணும் இருக்க வேண்டும். இடதுகைக்காரர்களுக்காக வலது மூலையிலும் அதையே போட்டோம். அப்புறம், சீட்டின் அடியில் விதி ஒரே வரியில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ‘2 சேர்ந்தால் 5’, ‘கருப்பட்டி மேல் வைத்தால் 7’. ஆச்சி கண்ணாடி போடாமல் வாசித்தார், அதுதான் எழுத்தின் அளவுக்கு எங்கள் சோதனை.

பாளையங்கோட்டையில் டிஜிட்டல் பிரின்ட் போடுகிற கடை ஒன்றுக்குப் போனேன். 12-க்கு 18 அங்குலத் தாளில் சீட்டைக் குறுக்காகப் படுக்கவைத்தால் ஒரு வரிசைக்கு மூன்று, ஏழு வரிசை, மொத்தம் 21 வரும். நாலு தாளில் 84. ஒரு சீட்டுகூட மிச்சமில்லை, காலி இடமும் இல்லை. கடைக்கார அண்ணாச்சி கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அடித்துப் பழகினவர். ‘ரம்மிக்கா தம்பி?’ என்று சந்தேகமாகக் கேட்டவர், அல்வா படத்தைப் பார்த்ததும் முழுக்கதையும் கேட்டுவிட்டுத்தான் மெஷினைத் தொட்டார்.

அட்டை 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் போர்டு. இதில் கவனிக்க வேண்டியது, வெள்ளை அட்டையை டியூப் லைட் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் படம் பின்பக்கம் நிழலாகத் தெரியும். சூதாட்ட விடுதிகளுக்குச் செய்கிற சீட்டில் நடுவில் கறுப்பு அடுக்கு வைத்து ஒட்டுவது இதற்காகத்தான். நமக்கு அந்த அட்டை கிடைக்காது. பின்பக்கத்தை அடர்ந்த அரக்கு நிறத்தில் முழுக்க நிரப்பிவிட்டால் போதும், ஒன்றும் தெரியாது. பின்பக்கத்தில் கரைக்கோடு வைக்கவே கூடாது. முன்னும் பின்னும் அடிக்கும்போது தாள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகரும். கோடு இருந்தால் ஒரு சீட்டில் இடப்பக்கம் தடிமனாகவும் இன்னொன்றில் மெல்லிசாகவும் விழும். நாலு நாளில் பிள்ளைகள் அதை வைத்தே இது பானை, இது பாய் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பத்தமடைப் பாயின் கோடுகளைப் பின்பக்கத்தில் போட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் இந்தக் காரணத்துக்காக அதை விட்டுவிட்டு, எந்தப் பக்கம் நகர்ந்தாலும் வித்தியாசம் தெரியாத பொடிப் புள்ளிகளாகப் போட்டோம்.

லேமினேஷனில் பளபளப்பானதும் உண்டு, பளபளப்பில்லாத ‘மேட்’ வகையும் உண்டு. மேட்தான் நம்ம ஊருக்கு. சித்திரை வெயிலில் வேர்த்த கையோடு பளபள சீட்டைப் பிடித்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு இரண்டாக வரும். எண்ணித் தள்ளுகிற ஆட்டத்தில் அது பெரிய தொந்தரவு. மேட் சீட்டில் விரல் அச்சு கொஞ்சம் விழும், துடைத்தால் போய்விடும். வெட்டுவதைக் கடையின் கட்டிங் மெஷினிலேயே செய்துகொண்டேன். கையால் ஸ்கேல் வைத்து வெட்டினால் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வரும், குலுக்கும்போது அந்தச் சீட்டு மட்டும் விரலில் தட்டும். வெட்டுக்குறிகளை நாலு மூலையிலும் போட்டுக் கொடுத்தால் அவர்களுக்கும் சுலபம். மூலையை வளைக்கச் சின்ன கார்னர் பஞ்ச் ஒன்று வாங்கினேன். 84 சீட்டுக்கு நாலு மூலை, 336 முறை அமுக்க வேண்டும். பிள்ளைகள் முறைவைத்து அமுக்கினார்கள். வளைத்த மூலை அழகுக்காக மட்டும் இல்லை. கூர்மூலை நாலைந்து ஆட்டத்திலேயே மடங்கி வெள்ளையாகிவிடும், அப்புறம் அதுவே அடையாளம்.

ஆனித் தேர் சமயத்தில் பட்டாசலில் பாய் விரித்து ஆடினோம். சொல்லிக் கொடுக்க எடுத்துக்கொண்ட முறையை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அது நன்றாக வேலை செய்தது. முதல் சுற்றில் எல்லாரும் ஏழு சீட்டையும் திறந்தே வைத்து ஆட வேண்டும். பேசலாம், பக்கத்துக் கையைப் பார்க்கலாம். விதியை முன்கூட்டி ஒப்பிப்பதில்லை. சீட்டு வரும்போது அடியில் உள்ள ஒரு வரியை வாசித்துக்கொண்டால் சரி. அந்தச் சுற்றின் புள்ளியை எழுதுவதில்லை. இரண்டாவது முறை கட்டு தள்ளும்போதே ஆச்சி, ‘நான் கருப்பட்டி வச்சிருக்கேன்னு இவனுக்குத் தெரியும், அதான் காபியை அமுக்கிட்டான்’ என்று பிடித்துவிட்டார்.

நிதானமாக யோசிக்கிறவர் ஒருவர் வட்டத்தில் இருந்தால் அவர் முன்னால் கட்டு தேங்கும். கட்டைக் கையில் கொடுக்காமல், இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் கவிழ்த்து வைப்பது என்று ஒழுங்குபடுத்திக்கொண்டோம். தன் சீட்டை வைத்தபிறகுதான் அடுத்த கட்டைத் தொடலாம். கட்டு கலக்காது, அவசரப்படுத்தவும் வேண்டாம். முதல் சுற்று இடப்பக்கம், இரண்டாவது வலப்பக்கம், மூன்றாவது மறுபடி இடப்பக்கம் என்று மாற்றித் தள்ளுவதால், இவ்வளவு நேரம் எனக்குக் கெடுதல் செய்த மதினிக்கு நானும் கொஞ்சம் திருப்பிச் செய்ய முடிகிறது. கடலை மிட்டாயில் இரண்டு பேர் சமமாக வந்தால் இருவருக்கும் முழுப் புள்ளி. பிரித்துப் பின்னம் போடுவதெல்லாம் இந்த ஆட்டத்துக்கு ஆகாது.

அல்வாவுக்கு முதலில் குறைவாக வைத்திருப்பவருக்கு 6 கழிப்பதாக இருந்தது. அதை 3 ஆக்கியது பிள்ளைகளுக்காக. மூன்று சுற்றும் நன்றாக ஆடிவிட்டுக் கடைசிக் கணக்கில் ஆறு புள்ளி போனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அழுகை வந்துவிடுகிறது. 3 என்றால் பொறுத்துக்கொள்கிறார்கள், அல்வாவை எடுக்காமல் விடவும் பயம் இருக்கிறது. பெரியவர்கள் மட்டும் ஆடினால் 6-ஏ வைத்துக்கொள்ளலாம், காரம் கூடும்.

இன்னொரு தாள் அடித்தால் 21 சீட்டு கூடும், ஆறாவது ஆளைச் சேர்க்கலாம். அதற்குப் புளியங்குடி எலுமிச்சையை வைத்து இப்போது பேனாச் சீட்டில் சோதித்துக்கொண்டிருக்கிறோம். ஓர் எலுமிச்சைக்குக் கழித்தல் 1, இரண்டுக்குக் கழித்தல் 2, மூன்று சேர்ந்துவிட்டால் கூட்டல் 9. யாரும் எடுக்கப் பிரியப்படாமல் கட்டோடு சுற்றிச் சுற்றி வரும், ஆனால் ஒருவர் இரண்டு சேர்த்துவிட்டார் என்றால் மூன்றாவதை அவரிடம் போகவிடாமல் வேறு யாராவது கழித்தல் 1-ஐத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். யார் போட்டுக்கொள்வது என்பதில் இப்போதைக்கு நல்ல சண்டை நடக்கிறது. 9 கொஞ்சம் கூடுதலோ என்று அத்தான் சொல்கிறார். 8 போட்டுப் பார்க்க வேண்டும்.